டி.சி. வாங்கும் ஜூன்

சென்னைப் புறநகரான கூடுவாஞ்சேரியில் ஜூன் பிறந்தால் ஜெராக்ஸ் கடைகளில் நிற்க இடம் இருக்காது. ஆதார், சாதிச் சான்று, மதிப்பெண் பட்டியல், ரேஷன் அட்டை என்று வீட்டுப் பீரோவில் உள்ள காகிதமெல்லாம் நகலாகும். அந்தக் காகிதக் கட்டின் மேலே இருப்பது டி.சி. அரசாணைகள் அதை மாற்றுச் சான்றிதழ் என்று குறிப்பிடும். பள்ளி வாசலில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. ‘டி.சி. வாங்கியாச்சா?’ என்றுதான் கேட்பார்கள்.

அரசுப் பள்ளியில் படிக்கும் குழந்தை பெரும்பாலும் இரண்டு முறையாவது டி.சி. வாங்குகிறது. சில குழந்தைகளுக்கு மூன்று. ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி என்றால் ஐந்தாம் வகுப்போடு ஒன்று. நடுநிலைப் பள்ளி என்றால் எட்டோடு, உயர்நிலைப் பள்ளி என்றால் பத்தோடு. மேல்நிலைப் பள்ளியை விட்டுக் கல்லூரிக்குப் போகும்போது கடைசியாக ஒன்று. நாட்டின் கல்வி அமைப்பை விளக்குபவர்கள் அதை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய படிகளாக வரைவது வழக்கம். படிகளைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குக் கால் மாற்றும் இடத்தில் என்ன நடக்கிறது என்று பார்ப்பவர்கள் குறைவு. நம் பிள்ளைகளை நாம் தவறவிடுவது பெரும்பாலும் அங்கேதான் என்பது பல ஆண்டுகளாக இதைக் கவனித்து வந்ததில் நான் வந்தடைந்த முடிவு.

இந்த அமைப்பை முழுதாகப் பார்க்க வேண்டுமானால் தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறிச் செங்கல்பட்டு வரை போனாலே போதும். ஏறக்குறைய 30 கிலோமீட்டர். தாம்பரத்தில் 1937-ல் நகருக்குள்ளிருந்து இடம்பெயர்ந்து வந்த சென்னைக் கிறித்துவக் கல்லூரி இருக்கிறது. விமானப்படைத் தளத்தில் மத்திய அரசின் கேந்திரிய வித்யாலயா. வண்டலூரில் 1984-ல் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கி இன்று நிகர்நிலைப் பல்கலைக்கழகமாக இருக்கும் கிரசண்ட். கூடுவாஞ்சேரியைத் தாண்டினால் பொத்தேரியில் 1985-ல் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கிய எஸ்.ஆர்.எம். வழியின் முடிவில், செங்கல்பட்டில், அரசுக் கலைக் கல்லூரியும் 1965-ல் வந்த அரசு மருத்துவக் கல்லூரியும். இடையில் வல்லாஞ்சேரியில் ஜோஹோ நிறுவனத்தின் தலைமையகம். ப்ளஸ் டூ, டிப்ளமோ முடித்தவர்களுக்கு உதவித்தொகை கொடுத்துப் பயிற்சி தந்து, பட்டம் இல்லாமலே வேலைக்கு எடுக்கும் பள்ளிகளை அந்த நிறுவனம் நடத்துகிறது. இத்தனைக்கும் நடுவே ஒவ்வொரு ஊரிலும் அங்கன்வாடி, தொடக்கப் பள்ளி, மெட்ரிக் பள்ளி, சி.பி.எஸ்.இ. பள்ளி.

ரயிலுக்கும் இதில் பங்கு உண்டு. வீட்டிலிருந்து படிக்கும் இடத்துக்குப் போய்வர, மாணவிகளுக்குப் பட்டப்படிப்பு வரையும் மாணவர்களுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு வரையும் இரண்டாம் வகுப்பு சீசன் டிக்கெட்டை ரயில்வே இலவசமாகத் தருகிறது. இந்தச் சலுகை இருப்பது பல பெற்றோருக்குத் தெரியாது.

பொத்தேரித் தண்டவாளத்தின் ஓரத்தில் குடிசையில் இருக்கும் குழந்தைக்கும் நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தின் சுற்றுச்சுவருக்கும் நடுவே ஒரு சாலை அகலம்தான். அந்தச் சாலையைக் கடக்க அந்தக் குழந்தை எத்தனை கை மாற வேண்டும் என்று எண்ணிப் பார்த்தால் அமைப்பின் உண்மையான உருவம் தெரியும்.

இந்தப் படிகள் ஒரே நாளில் கட்டப்பட்டவை அல்ல. தாமஸ் மன்றோ சென்னை மாகாணத்து கவர்னராக இருந்தபோது, 1822-ல், நாட்டுப் பள்ளிகளைக் கணக்கெடுக்கும்படி மாவட்டக் கலெக்டர்களுக்கு உத்தரவிட்டார். செங்கல்பட்டும் கணக்குக் கொடுத்தது. 1826-ல் அவர் எழுதிய குறிப்பின்படி மாகாணம் முழுக்க 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள். ஆய்வாளர் தரம்பால் 1983-ல் வெளியிட்ட நூல் அந்த ஆவணங்களை மறுபடி பேச வைத்தது. அந்தத் திண்ணைப் பள்ளிகளில் வகுப்பும் இல்லை, டி.சி.யும் இல்லை. ஆசிரியர் ஒருவர், மணலில் எழுத்து, கணக்கு, வாய்ப்பாடு. பிள்ளை கற்கும் வேகமே பாடத்தின் வேகம். ஆனால் அந்தத் திண்ணையில் ஏற முடியாத சாதிகள் இருந்தன. பெண் பிள்ளைகள் மிகச் சிலரே இருந்தார்கள். அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பல்கலைக்கழகம் முதலில் வந்து, அதற்கு ஆள் அனுப்பப் பள்ளிகள் ஒழுங்கானதுதான் நம் வரலாறு. 1854-ன் வுட் அறிக்கை, 1857-ல் சென்னைப் பல்கலைக்கழகம், அதன் நுழைவுத் தேர்வான மெட்ரிகுலேஷன். மேலே உள்ளவர்கள் கேட்பதைக் கீழே உள்ளவர்கள் கற்பிக்க வேண்டும் என்ற பழக்கம் அப்போது ஏற்பட்டது. இன்று நீட் வரை அது தொடர்கிறது. சென்னை, மதுரைப் பல்கலைக்கழகங்கள் நடத்திவந்த மெட்ரிக் தேர்வு 1970-களின் பிற்பகுதியில் மாநில அரசிடம் வந்தது. மெட்ரிக் பள்ளி என்ற பெயர் மட்டும் நின்றுவிட்டது.

கோத்தாரி ஆணையம் 1964 முதல் 1966 வரை வேலை செய்து நாடு முழுவதற்கும் ஒரே அமைப்பைப் பரிந்துரைத்தது. அதுதான் 10+2+3. அதற்குமுன் இங்கே பதினோராம் வகுப்போடு எஸ்.எஸ்.எல்.சி. முடியும், பிறகு கல்லூரியில் ஓராண்டு பி.யு.சி.; பிறகு பட்டப்படிப்பு. 1978-ல் தமிழ்நாட்டில் மேல்நிலைக் கல்வி தொடங்கியது. 1980-ல் முதல் ப்ளஸ் டூ தேர்வு. கல்லூரியின் ஓராண்டு பள்ளிக்குள் வந்ததால் நன்மை பெரிது: நகரத்துக் கல்லூரிக்குப் போக முடியாத பெண்பிள்ளைகள் உள்ளூர்ப் பள்ளியிலேயே பன்னிரண்டாம் வகுப்பு வரை படிக்க முடிந்தது. இதற்கு நடுவே 42-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 1976-ல் கல்வியை மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப் பட்டியலுக்கு மாற்றியது. அன்றிலிருந்து ஒவ்வொரு படிக்கும் இரண்டு முதலாளிகள்.

இரண்டு என்று சொல்வதுகூடக் குறைவு. அங்கன்வாடி சமூக நலத் துறையின் கீழே. சத்துணவும் அவர்களுடையதே. ஐந்து வரையும் எட்டு வரையும் உள்ள பள்ளிகள் தொடக்கக் கல்வி இயக்ககத்தில். ஒன்பதுக்கு மேல் உள்ளவை பள்ளிக் கல்வி இயக்ககத்தில். மெட்ரிக், நர்சரிப் பள்ளிகளுக்குத் தனியார் பள்ளிகள் இயக்ககம். பொதுத் தேர்வுக்குத் தனி இயக்ககம். ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் வேறொரு துறையில். ஐ.டி.ஐ. வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறையிடம். பாலிடெக்னிக் தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்திடம். கலைக் கல்லூரி கல்லூரிக் கல்வி இயக்ககத்திடம். மருத்துவக் கல்லூரி சுகாதாரத் துறையிடம். மேலே டெல்லியில் பல்கலைக்கழக மானியக் குழு, ஏ.ஐ.சி.டி.இ., தேசிய மருத்துவ ஆணையம், ஆசிரியர் கல்விக்கு என்.சி.டி.இ. தொடக்கக் கல்விக்கும் பள்ளிக் கல்விக்கும் உள்ள நிர்வாகப் பிரிவை 2018-ல் முதன்மைக் கல்வி அலுவலரின் கீழ் ஒன்றாக்கினார்கள். 2022-ல் மறுபடி பிரித்தார்கள்.

இத்தனை அலுவலகங்களும் தத்தம் வேலையைச் செய்கின்றன. கணக்கும் நன்றாகவே இருக்கிறது. 2025-ல் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி 93.80 சதவீதம், ப்ளஸ் டூ 95.03. உயர்கல்வியில் சேர்வோர் விகிதம் 2021-22 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 47; இந்தியாவுக்கு 28.4. காமராஜர் காலத்து மதிய உணவும், 1982-ல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவும், ஊர்தோறும் பள்ளி என்ற பிடிவாதமும் சேர்ந்து கொண்டுவந்த எண்கள் இவை. பெருமைப்பட வேண்டியவைதான். ஆனால் தேர்ச்சி விகிதம் என்பது தேர்வு எழுத வந்தவர்களின் கணக்கு. வராதவர்கள் அந்தச் சதவீதத்தில் இல்லை.

அவர்கள் எங்கே நழுவுகிறார்கள் என்று படிப்படியாகப் பார்க்கலாம்.

அங்கன்வாடியிலிருந்து ஒன்றாம் வகுப்புக்கு வருவது முதல் தாண்டல். 1975-ல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் சத்துக்கும் தடுப்பூசிக்கும் முதலிடம் கொடுத்தது, படிப்பு பிறகுதான். பெற்றோர் எல்.கே.ஜி. தேடித் தனியாருக்குப் போனார்கள். ஒருமுறை போன குழந்தை ஒன்றாம் வகுப்புக்குத் திரும்பி வருவதில்லை. அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடிகளில் 2019-ல் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கியது இந்த ஓட்டையை அடைக்கத்தான். நல்ல முயற்சி, தேவையோடு பார்த்தால் சிறியது.

ஐந்திலிருந்து ஆறு. இதைப் பலர் பொருட்படுத்துவதில்லை. கல்வி உரிமைச் சட்டத்தின் விதிப்படி தொடக்கப் பள்ளி ஒரு கிலோமீட்டருக்குள்ளும் நடுநிலை வகுப்பு மூன்று கிலோமீட்டருக்குள்ளும் இருக்க வேண்டும். வரைபடத்தில் மூன்று கிலோமீட்டர் சிறியது. நம் பகுதியில் அந்த மூன்று கிலோமீட்டருக்குள் ஜி.எஸ்.டி. சாலை குறுக்கே ஓடுகிறது, ரயில் பாதை ஓடுகிறது. பத்து வயதுப் பிள்ளை தனியாகக் கடக்க வேண்டிய சாலையா அது? அதே மாதத்தில் இன்னொன்றும் நடக்கிறது. 2022 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. பள்ளி தூரமாகும் அதே ஜூனில் காலைச் சாப்பாடும் போகிறது. அதிகாலையில் சித்தாள் வேலைக்குப் போகும் தாயின் பிள்ளைக்கு இவை இரண்டும் ஒரே செய்திதான்.

எட்டிலிருந்து ஒன்பது சட்டத்தின் எல்லை. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டம் ஆறு முதல் பதினான்கு வயது வரை மட்டுமே. தனியார் பள்ளியில் 25 சதவீத ஒதுக்கீட்டில் சேர்ந்த குழந்தைக்கு அரசு கட்டணம் கட்டுவதும் எட்டு வரைதான். ஒன்பதாம் வகுப்பில் முழுக் கட்டணம் கேட்கிறார்கள். எட்டு ஆண்டு ஆங்கில வழியில் ஒரே பள்ளியில் வளர்ந்த பிள்ளையை, பதின்மூன்று வயதில், பொதுத் தேர்வுக்கு முந்தைய வருடத்தில் வேறு பள்ளிக்கு மாற்ற வேண்டிய நிலை. இல்லையென்றால் கடன். சட்டம் எழுதியவர்கள் இந்த ஒன்பதாம் வகுப்பை நினைத்துப் பார்த்திருக்க வேண்டும்.

கட்டண பாக்கி இருந்தால் டி.சி. தராமல் இழுப்பது இந்த வட்டாரத்தில் புதிதல்ல. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம், அப்பாவின் வேலை போன வருடத்தில், இரண்டு தவணைப் பாக்கிக்காக ஜூன் முழுதும் ஒரு தனியார் பள்ளியின் அலுவலக வாசலில் நின்றது. பிள்ளை வீட்டில் இருந்தான். கல்வி உரிமைச் சட்டத்தின் ஐந்தாம் பிரிவு, டி.சி. தாமதத்தைக் காரணம் காட்டிச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று சொல்வது அவர்களுக்குத் தெரியாது. 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் இன்னும் தெளிவாகச் சொல்லிவிட்டது: டி.சி. கட்டணம் வசூலிக்கும் கருவி ஆகாது. பாக்கி இருப்பதாக அதில் எழுதவும் கூடாது. இந்தத் தீர்ப்பு ஒவ்வொரு பள்ளியின் அறிவிப்புப் பலகையிலும் தமிழில் ஒட்டப்பட வேண்டும்.

பத்திலிருந்து பதினொன்றுக்குப் போகும் இடம்தான் எல்லாவற்றிலும் குழப்பமானது. அதுவரை வழி ஒன்று. இங்கே நான்காகப் பிரிகிறது. ப்ளஸ் ஒன்னில் எந்த குரூப், அல்லது பாலிடெக்னிக்கா, ஐ.டி.ஐ.யா, வேலையா. பதினைந்து வயதில், மதிப்பெண் வந்த ஒரு வாரத்துக்குள் முடிவு செய்ய வேண்டும். பயாலஜி குரூப் கிடைக்காததால் அழும் பிள்ளைகளைப் பார்க்கிறோம். எந்த குரூப் எங்கே கொண்டுபோகும் என்று சொல்ல ஆள் இல்லாமல், தோழி சேர்ந்த குரூப்பிலேயே சேரும் பிள்ளைகளைப் பார்ப்பதில்லை.

உண்மையில் இந்தப் பிரிவுகளுக்கு நடுவே குறுக்கு வழிகள் பல இருக்கின்றன. பத்து முடித்துப் பாலிடெக்னிக்கில் மூன்றாண்டு டிப்ளமோ படித்தவர் நேரடியாக பி.இ. இரண்டாம் ஆண்டில் சேரலாம். ஐ.டி.ஐ. முடித்தவரும், ப்ளஸ் டூ தொழிற்கல்விப் பிரிவு படித்தவரும் டிப்ளமோ இரண்டாம் ஆண்டில் சேரலாம். பத்துக்குப் பிறகு இரண்டாண்டு ஐ.டி.ஐ. முடித்தவர் தமிழ், ஆங்கிலம் இரண்டு தாள்களை மட்டும் எழுதி ப்ளஸ் டூவுக்கு இணையான சான்று பெறலாம். வயர்மேன், வெல்டர் போன்ற சில பிரிவுகளுக்கு எட்டாம் வகுப்பே போதும். 71 அரசு ஐ.டி.ஐ.களில் டாடா டெக்னாலஜீஸுடன் சேர்ந்து நவீன இயந்திரக் கூடங்கள் அமைத்திருக்கிறார்கள். மறைமலைநகர், ஒரகடம் தொழிற்சாலைகளுக்குப் பக்கத்தில் இருக்கும் நமக்கு இதைவிட என்ன வேண்டும்? ஆனால் இந்தக் கதவுகள் வெவ்வேறு துறைகளுக்குச் சொந்தம். பத்தாம் வகுப்பு ஆசிரியர் பள்ளிக் கல்வித் துறையைச் சேர்ந்தவர். அவரிடம் இந்த விவரங்கள் எழுத்தில் வந்து சேர்வதில்லை.

இதே இடத்தில் சத்துணவும் நிற்கிறது. பத்து வரைதான் அது. அதற்குப் பதில்போல ப்ளஸ் ஒன்னில் சைக்கிள் வருகிறது. தமிழ்நாட்டு அரசு கல்விக்குக் கொடுத்த பொருள்களில் எனக்கு மிகவும் பிடித்தது இந்த இலவச சைக்கிள்தான், ஏனென்றால் அது ஒரு படியை மட்டும் பார்க்காமல் தாண்டலைப் பார்த்துச் செய்யப்பட்டது. மேல்நிலைப் பள்ளி தூரம், பெண்பிள்ளையை பஸ்ஸில் அனுப்பத் தயக்கம் என்ற இரண்டு தடைகளையும் ஒரு வண்டி தீர்த்தது. ஆறாம் வகுப்புக்கும் அப்படி ஒன்று யோசிக்கப்பட்டிருந்தால்!

இருளர் குடும்பங்களுக்குத் தடை வேறு விதமானது. செங்கல்பட்டு மாவட்டத்துச் செங்கல் சூளைகளிலும் அரிசி ஆலைகளிலும் வேலை செய்யும் அவர்களின் பிள்ளைகள் தொடக்கப் பள்ளி வரை வந்துவிடுகிறார்கள். மேலே போகப் போகச் சாதிச் சான்று கேட்கிறார்கள். பழங்குடிச் சான்று வழங்குவது கோட்டாட்சியர். விசாரணை, சாட்சி, அலைச்சல். அந்தச் சான்று ஒன்று இல்லாததால் உதவித்தொகையும் இட ஒதுக்கீடும் கிடைக்காமல், யாருக்காக அவை ஏற்படுத்தப்பட்டனவோ அவர்களே வெளியே நிற்கிறார்கள்.

பன்னிரண்டுக்குப் பிறகு கல்லூரி. இங்கே ஒவ்வொரு வாசலுக்கும் ஒரு சாவி. பொறியியலுக்கு நுழைவுத் தேர்வை 2006-ல் இயற்றிய சட்டத்தால் தமிழ்நாடு நீக்கியது; கணக்கும் அதோடு இயற்பியல், வேதியியலும் சேர்ந்து 200-க்கு வரும் கட்-ஆஃப் போதும். மருத்துவத்துக்கு 2017 முதல் நீட். பன்னிரண்டு ஆண்டுப் படிப்பை ஒதுக்கிவைத்து, கோச்சிங் கட்டணம் கட்ட முடிந்தவருக்கு முன்னுரிமை தரும் தேர்வு அது என்று நீதிபதி ஏ.கே.ராஜன் குழு 2021-ல் காட்டியது. நானும் அப்படியே நம்புகிறேன். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2020-ல் மருத்துவத்திலும் 2021-ல் பொறியியல் முதலிய தொழிற்படிப்புகளிலும் கொடுத்த 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இந்த அநீதியை ஓரளவு ஈடுசெய்கிறது. புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்கள் மாதம் 1,000 ரூபாய் தருகின்றன. இவற்றோடு ‘உயர்வுக்குப் படி’ என்ற முகாமையும் சொல்ல வேண்டும். ப்ளஸ் டூ முடித்தும் எங்கேயும் சேராத பிள்ளைகளின் பட்டியலை எடுத்து, ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, கல்லூரி, பாலிடெக்னிக், ஐ.டி.ஐ. ஆட்களை ஒரே கூடத்தில் உட்காரவைத்து அங்கேயே சேர்ப்பது. நான் இதுவரை சொல்லிவந்த வேலை இதுதான். அதைப் பன்னிரண்டின் முடிவில் மட்டும் செய்கிறோம். ஐந்தின் முடிவிலும் எட்டின் முடிவிலும் பத்தின் முடிவிலும் செய்திருந்தால் இந்தப் பட்டியலே சிறியதாகியிருக்கும்.

2020-ன் தேசியக் கல்விக் கொள்கை படிகளை 5+3+3+4 என்று மாற்றி எண்ணுகிறது. மூன்று வயதைக் கல்விக்குள் கொண்டுவந்தது அதன் நல்ல பகுதி. மூன்று, ஐந்து, எட்டாம் வகுப்புகளில் தேர்வு வைப்பது தாண்டல்களில் புதிய வேலி போடுவதாகும். தமிழ்நாடு 2019-ல் ஐந்துக்கும் எட்டுக்கும் பொதுத் தேர்வு அறிவித்து, எதிர்ப்பு எழுந்ததும் 2020-ல் கைவிட்டது. அந்தப் பாடம் மறந்துபோகக் கூடாது. 2025 ஆகஸ்ட் 8 அன்று வந்த மாநிலக் கல்விக் கொள்கை எட்டு வரை யாரையும் நிறுத்துவதில்லை என்கிறது. இருமொழிக் கொள்கையைக் காக்கிறது. பதினோராம் வகுப்புப் பொதுத் தேர்வையும் நீக்கியது. அந்தத் தேர்வு 2017-18-ல் வந்ததற்குக் காரணம் இருந்தது: பல பள்ளிகள் ப்ளஸ் ஒன் பாடத்தை நடத்தாமல் இரண்டு வருடமும் ப்ளஸ் டூ பாடத்தையே உருவேற்றின. தேர்வை எடுத்த பிறகு அந்தப் பழக்கம் திரும்பாமல் பார்த்துக்கொள்வது துறையின் கடமை.

இந்த வாதங்களுக்கு நடுவே மத்திய அரசு, தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கான சமக்ர சிக்ஷா நிதி 2,152 கோடி ரூபாயை நிறுத்திவைத்தது; தேசியக் கொள்கையை ஒட்டிய பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் மாநிலம் கையெழுத்திடவில்லை என்பது காரணம். அந்த நிதி வராததால் 25 சதவீத ஒதுக்கீட்டுச் சேர்க்கை 2025 ஜூனில் தொடங்கவே இல்லை. இரண்டு அரசுகளின் தகராறில் பள்ளி வாசலில் நின்றவை சின்னஞ்சிறு குழந்தைகள். கொள்கையில் எத்தனை வேறுபாடு இருந்தாலும், இதைச் செய்தது தவறு.

வெளியே எப்படி இருக்கிறது? ஜெர்மனியின் பெரும்பாலான மாநிலங்களில் நான்காம் வகுப்போடு பிள்ளைகளைப் பிரித்துவிடுகிறார்கள். பத்து வயதில் வழி ஏறக்குறைய முடிவாகிறது. ஃபின்லாந்து 1970-களில் அதற்கு நேர் எதிராகப் போனது: ஒன்பது ஆண்டுக்கு ஒரே பொதுப் பள்ளி, நடுவில் வடிகட்டல் கிடையாது. இலங்கையில் ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில், சாதாரண தரம், உயர்தரம் என்று மூன்று தாண்டலும் தேர்வாலே ஆனவை. 1940-களில் கல்வி அமைச்சர் கன்னங்கரா கொண்டுவந்த இலவசக் கல்வி பல்கலைக்கழகம் வரை நீள்கிறது. ஆனால் உயர்தரம் சித்தியடைந்தும் இடம் கிடைக்காதவர்கள் ஏராளம். பல்கலைக்கழக அனுமதியில் 1970-களில் வந்த தரப்படுத்தல் தமிழ் மாணவரை எப்படி வாட்டியது என்பது யாழ்ப்பாணத்தில் இன்றும் பேசப்படும் வரலாறு. அடுக்குகளுக்கு நடுவே உள்ள கதவை யார் வைத்திருக்கிறார் என்பது ஒரு சமூகத்தின் தலையெழுத்தையே மாற்றக்கூடியது.

நமக்குப் புதிய அடுக்கு தேவையில்லை. ஒவ்வொரு பள்ளிக் குழந்தைக்கும் துறையின் கணினிப் பதிவில் எமிஸ் எண் இருக்கிறது. கல்லூரிக்குப் போனால் அதுபோல யூமிஸ் எண் இருக்கிறது. ஐந்தாம் வகுப்பு முடித்த குழந்தையின் பெயர் எந்த ஆறாம் வகுப்பிலும் இல்லை என்பது கணினிக்கு ஜூலை முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும். அப்போது யார் அந்த வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும் என்பதுதான் தெளிவாக இல்லை. அனுப்பிய தலைமையாசிரியர் டி.சி. கொடுத்தவுடன் தன் வேலை முடிந்ததாக நினைக்கிறார். ஏற்க வேண்டியவருக்கு வராத பிள்ளையின் பெயரே தெரியாது. ஏற்கும் பள்ளியின் தலைமையாசிரியர் மே மாதத்திலேயே பட்டியலை வாங்கி, ஒவ்வொரு பெயருக்கும் பதில் சொல்லும்வரை அந்தக் கணக்கை முடிக்கக் கூடாது என்று ஓர் அரசாணை போதும். காலை உணவை எட்டாம் வகுப்பு வரை நீட்டுவதும், 25 சதவீதச் சேர்க்கையைப் பத்து வரை நீட்டுவதும் அதற்கு அடுத்தவை.

அரசாணை வரும் வரை நாம் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. அடுத்த ஜூனில் உங்கள் வீட்டுக்கு வேலைக்கு வரும் அக்காவிடமும், அடுக்குமாடி வாசலில் இருக்கும் வாட்ச்மேன் அண்ணனிடமும், தெருமுனையில் இஸ்திரி போடுபவரிடமும் கேளுங்கள்: பிள்ளைக்கு டி.சி. வாங்கியாச்சா, எங்கே சேர்த்தீங்க? இன்னும் சேர்க்கவில்லை என்றால், அந்த ஒரு நாள் அவர்களோடு பள்ளிவரை போய் வாருங்கள்.